திராட்சைக் கொடியின் கவசம் யாருக்கு?

மருந்துக் கடைக் கண்ணாடி அலமாரிகளிலும் இணையச் சந்தைகளிலும் திராட்சையின் பெயரில் இப்போது நிறையப் பொருள்கள் விற்பனையாகின்றன. திராட்சை விதைச் சத்து மாத்திரை, ரெஸ்வெரட்ரால் கேப்ஸ்யூல், முகச் சுருக்கத்துக்கு ஒரு க்ரீம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் இல்லாத அட்டையே கிடையாது. அந்த அட்டைகள் பேசும் தர்க்கம் சுருக்கமானது: உடலில் ஃப்ரீ ரேடிக்கல்கள் உருவாகின்றன, அவை செல்களை அரித்து நோயையும் முதுமையையும் கொண்டுவருகின்றன, திராட்சையில் உள்ள பொருள்கள் அவற்றை அடக்குகின்றன, ஆகவே இதை விழுங்குங்கள். மூன்றாவதாகச் சொன்னதை எந்த ஆய்வகத்திலும் செய்து காட்டலாம், அதில் சந்தேகமே இல்லை. அங்கிருந்து நான்காவதுக்குத் தாவுகிறார்களே, அதற்கு ஆதாரம் போதாது. சோதனைக் குழாயில் வேலை செய்யும் ஒரு வேதியியல் குணத்தை நம் ஆரோக்கியத்தின் அளவுகோலாக மாற்றியது பெரிய பிழை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். திராட்சையால் நமக்கு நன்மை உண்டா என்று கேட்டால், உண்டு. அது அட்டையில் எழுதியிருக்கும் வழியில் வருவதாகத் தெரியவில்லை.

முதலில் அந்த வேதியியலைப் பார்த்துவிடலாம். ஃப்ரீ ரேடிக்கல் என்பது ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்றைச் சுமக்கும் மூலக்கூறு. ஜோடி தேடும் அவசரத்தில் அது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒரு எலக்ட்ரானையோ ஹைட்ரஜன் அணுவையோ பறிக்கும். பறிகொடுத்தது தானே ஒரு ரேடிக்கலாகி அடுத்ததைப் பறிக்கும். கொழுப்புக்குள் இந்தச் சங்கிலி ஓடினால்தான் கடலை எண்ணெய் காறிப்போகிறது. திராட்சையில் உள்ள பாலிஃபீனால்கள் தங்கள் வளையத்தில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்து ஒரு ஹைட்ரஜனை எளிதில் விட்டுக்கொடுக்கும். மிச்சமாகும் எலக்ட்ரான் வளையம் முழுவதும் பரவி அடங்கிவிடுவதால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும். இதை அளப்பதற்கு ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது டிபிபிஹெச் சோதனை. டிபிபிஹெச் என்பது அடர்ந்த ஊதா நிறமுள்ள, நிலையான ஒரு ரேடிக்கல். அதன் கரைசலில் தாவரச் சாற்றைச் சில சொட்டுகள் விட்டால் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு குறைந்த சாற்றில் பாதி நிறம் போகிறதோ, அந்தச் சாறு அவ்வளவு வீரியமானது. செலவு குறைவு, கருவியும் எளியது, அரை நாளில் முடிந்துவிடும். உலகம் முழுக்கக் கல்லூரி ஆய்வகங்களிலிருந்து முருங்கை இலை முதல் மாதுளைத் தோல் வரை ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்து குவிவதற்கு இந்த வசதியே பாதிக் காரணம் என்பேன்.

திராட்சை இந்தச் சோதனையில் எப்போதும் முன்வரிசையில் நிற்கும். கருந்திராட்சைத் தோலின் நிறமே ஆந்தோசயனின் என்ற பாலிஃபீனால்தான். தோலிலும் இலையிலும் குவெர்செட்டின் இருக்கிறது. விதையில் கேட்டசினும், கேட்டசின்கள் கோத்த மாலையான புரோஆந்தோசயனிடினும் செறிந்திருக்கின்றன. விதையைக் கடித்தால் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு அதனுடையது. பழத்திலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய பீனால்களில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதம் விதையில்தான் இருக்கிறது. தோலில் சுமார் 30 சதவீதம். நாம் விரும்பிச் சாப்பிடும் சதைப்பகுதிக்கு 10 சதவீதமோ அதற்கும் குறைவோதான் மிஞ்சுகிறது. இவை போகத் தோலிலும் தண்டிலும் வேரிலும் ஸ்டில்பீன்கள் என்றொரு குடும்பம் உண்டு. ரெஸ்வெரட்ரால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு ரெஸ்வெரட்ரால்கள் இணைந்தால் வினிஃபெரின்.

இந்த ஸ்டில்பீன்களைக் கொடி ஏன் தயாரிக்கிறது? ரெஸ்வெரட்ராலை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் மிச்சியோ தகாவோகா. 1939 வாக்கில் அவர் அதைக் கண்டது திராட்சையில் அன்று, வெராட்ரம் என்ற காட்டுச் செடியில். திராட்சைக்கு அது வந்துசேர்ந்தது 1976இல். லாங்கேக், பிரைஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், சாம்பல் பூசணம் தாக்கிய திராட்சை இலைகளிலும் புற ஊதாக் கதிர் பட்ட இலைகளிலும் ரெஸ்வெரட்ரால் புதிதாகச் சுரப்பதைக் காட்டினார்கள். நோயற்ற இலையில் அது அநேகமாக இல்லை. பூசணம் தொட்டதும் ஸ்டில்பீன் சிந்தேஸ் என்ற நொதிக்கான மரபணு விழித்துக்கொள்கிறது. தாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி ரெஸ்வெரட்ராலும் அதைவிடக் கடுமையான வினிஃபெரினும் சேர்கின்றன. 1993இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இந்த மரபணுவைப் புகையிலைச் செடிக்குள் வைத்தபோது, புகையிலையும் அதே பூசணத்தை முன்பைவிட நன்றாகத் தாங்கியது. பூசணமும் சும்மா இருப்பதில்லை. லாக்கேஸ் என்ற நொதியால் அது ரெஸ்வெரட்ராலைச் சிதைக்கப் பார்க்கிறது. கொடிக்கும் பூசணத்துக்கும் நெடுங்காலமாக நடக்கும் சண்டை இது. மனிதனின் ரத்தக் குழாய் இதில் எந்த இடத்திலும் வரவில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு எழும். சின்கோனா மரம் மலேரியாவை நினைத்தா குவினைனைத் தயாரித்தது? தாவரம் தனக்காகச் செய்த பொருள் நமக்கும் உதவக் கூடாது என்று விதி இருக்கிறதா? நியாயமான கேள்விதான். அப்படி விதி ஒன்றும் இல்லை. ஆனால் குவினைனை நாம் ஏற்றுக்கொண்டது காய்ச்சலில் கிடந்த மனிதர்கள் அதைக் குடித்து எழுந்ததால். ஒரு மூலக்கூறு மருந்தாக வேண்டுமென்றால் மருந்துக்குரிய தேர்வை எழுதியாக வேண்டும். ஊதா நிறத்தை வெளிற வைப்பது அந்தத் தேர்வு ஆகாது.

இந்தக் கொடியின் ஆயுதம் மனித மருத்துவத்துக்குள் நுழைந்த கதைக்கு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பங்கு கணிசமானது. 1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில் பிரெஞ்சு முரண்பாடு பற்றிப் பேசியது. வெண்ணெயும் சீஸும் தாராளமாகச் சாப்பிடும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்புச் சாவு குறைவாக இருப்பது ஏன் என்ற கேள்விக்கு, சிவப்பு ஒயின் காரணமாக இருக்கலாம் என்றார் பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் ரெனோ. அடுத்து வந்த மாதங்களில் அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை சுமார் 40 சதவீதம் எகிறியது. 1992இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சீமன், கிரீசி இருவரும் ஒயினில் ரெஸ்வெரட்ரால் இருப்பதை அளந்து வெளியிட்டார்கள். 1993இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஃபிராங்கெல் குழுவினர், மனித ரத்தத்திலிருந்து பிரித்த எல்டிஎல் கொழுப்பு செம்பு அயனியால் ஆக்சிஜனேற்றம் அடைவதைச் சிவப்பு ஒயினின் பீனால்கள் தடுப்பதாகக் காட்டினார்கள். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல் ரத்தக் குழாய்ச் சுவரில் படிவுகள் உருவாகத் துணைபோகிறது என்று அப்போதே கருதப்பட்டதால், கண்ணிகள் எல்லாம் பொருந்திவிட்டதுபோல் தோன்றியது. அன்றைய ஆய்வாளர்களைக் குறை சொல்ல மாட்டேன். சோதித்துப் பார்க்கத் தகுந்த ஊகம்தான் அது. ஆனால் சோதித்து முடிக்கும்வரை விற்பனை காத்திருக்கவில்லை. அடித்தளமான முரண்பாடே அவ்வளவு உறுதியானதில்லை என்று 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் லா, வால்ட் என்ற இருவர் வாதிட்டார்கள். பிரான்ஸில் இதய நோய்ச் சாவுகள் முழுமையாகப் பதிவாவதில்லை. தவிர, பிரெஞ்சுக்காரர்கள் விலங்குக் கொழுப்பை அதிகம் உண்ணத் தொடங்கியது அண்மையில்தான், அதன் விளைவு தெரியப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பது அவர்கள் விளக்கம்.

ஒயினிலிருந்து கவனம் ரெஸ்வெரட்ராலுக்கு மாறியது அடுத்த கட்டம். ஈஸ்ட்டின் ஆயுளை அது நீட்டியதாக 2003இல் ஹார்வர்டின் டேவிட் சின்க்ளேர் பங்கேற்ற ஆய்வு சொன்னது. 2006இல் கொழுப்பு மிகுந்த தீனி தின்ற நடுவயது எலிகள் ரெஸ்வெரட்ராலுடன் நன்றாகவே வாழ்ந்ததாக இன்னொரு ஆய்வு வந்தது. உலகப் பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. அந்த எலிகளுக்குக் கொடுத்த அளவை மட்டும் யாரும் உரக்கச் சொல்லவில்லை: நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 22.4 மில்லிகிராம். 60 கிலோ மனிதருக்கு நேராகக் கணக்கிட்டால் 1,344 மில்லிகிராம். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் சராசரியாக 2 மில்லிகிராம் அளவுக்குத்தான் ரெஸ்வெரட்ரால் இருக்கும். அப்படியானால் தினமும் 670 லிட்டர் ஒயின். எலியின் அளவை மனிதருக்கு அப்படியே பெருக்கக் கூடாது, 12ஆல் வகுக்க வேண்டும் என்று மருந்தியலாளர்கள் சொல்வார்கள், அதையும் ஏற்றுக்கொள்வோம். அப்போதும் தினம் 56 லிட்டர் வருகிறது. ஒயின் உடம்புக்கு நல்லது என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். மதுவில் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக அறிவித்ததையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒயின் வேண்டாம், மாத்திரையாக அடர்த்தியாகக் கொடுக்கலாமே? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். சின்க்ளேர் பங்கேற்றுத் தொடங்கிய சர்ட்ரிஸ் நிறுவனத்தை கிளாக்ஸோஸ்மித்க்ளைன் 2008இல் 72 கோடி டாலருக்கு வாங்கியது. அவர்கள் உருவாக்கிய ரெஸ்வெரட்ரால் மருந்தை மயலோமா என்ற ரத்தப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்த சோதனை, சிலருக்குச் சிறுநீரகம் பழுதானதால் 2010இல் நின்றது. 2011இல், சாதாரணத் தீனி தின்ற எலிகளின் ஆயுளை ரெஸ்வெரட்ரால் நீட்டவில்லை என்று அமெரிக்க முதுமை ஆய்வு நிறுவனத்தின் சோதனைத் திட்டம் அறிவித்தது. 2013இல் சர்ட்ரிஸின் தனி அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். இதற்கு நடுவில், ரெஸ்வெரட்ராலும் இதயமும் பற்றி எழுதிக் குவித்த கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர் தீபக் தாஸ் 145 இடங்களில் தரவுகளைப் புனைந்தோ திரித்தோ இருப்பதாக அந்தப் பல்கலைக்கழகமே 2012இல் வெளியிட்டது. ஒருவர் செய்த மோசடி ஒரு துறையையே பொய்யாக்காது. ஆனாலும் நல்ல செய்திக்கு ஏங்கும் துறையில் கள்ளக் கணக்கு எவ்வளவு காலம் செல்லுபடியாகிறது என்பதற்கு அது சாட்சி.

ஏன் இப்படி ஆயிற்று? என் பார்வையில் கதையின் மையம் இங்கேதான் இருக்கிறது. சோதனைக் குழாயில் பாலிஃபீனாலுக்குப் போட்டி யாரும் இல்லை. உடலுக்குள் அது நுழைந்ததும் குடலும் கல்லீரலும் அதை அந்நியப் பொருளாக நடத்துகின்றன. 25 மில்லிகிராம் ரெஸ்வெரட்ராலை மனிதர்களுக்கு வாய்வழியாகக் கொடுத்து 2004இல் நடந்த ஆய்வில், 70 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சப்பட்டது. ஆனால் உருமாறாத ரெஸ்வெரட்ரால் ரத்தத்தில் துளியளவே தென்பட்டது. மற்றதெல்லாம் சல்ஃபேட்டாகவும் குளுக்குரோனைடாகவும் முத்திரை குத்தப்பட்டுச் சிறுநீர் வழியே வெளியேறக் காத்திருந்தது. இந்த முத்திரை பெரும்பாலும் விழுவது ஹைட்ரஜனைத் தானம் செய்ய வேண்டிய அதே ஹைட்ராக்சில் தொகுதியின் மேல். அளவையும் பாருங்கள். ரத்தத்தில் வைட்டமின் சி லிட்டருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோமோல், யூரிக் அமிலம் 300 மைக்ரோமோல் அளவில் எப்போதும் இருக்கின்றன. செல்லுக்குள் குளுட்டதயோன் மில்லிமோல் கணக்கில் நிரம்பியிருக்கிறது. திராட்சை சாப்பிட்டவரின் ரத்தத்தில் அதன் பாலிஃபீனால்கள் வழக்கமாக ஒரு மைக்ரோமோலைக்கூட எட்டுவதில்லை. மிகக் கொடிய ஹைட்ராக்சில் ரேடிக்கல் எதிர்ப்பட்ட முதல் மூலக்கூறையே தாக்கும். மூலைக்கொன்றாக நிற்கும் பாலிஃபீனாலைத் தேடிப் போகாது.

பழம் சாப்பிட்ட பிறகு ரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் உயர்வதை அளந்திருக்கிறார்களே என்று கேட்பவர் உண்டு. உண்மை, உயர்கிறது. ஓரிகனின் லைனஸ் பாலிங் நிறுவனத்தில் லொட்டிட்டோ, ஃப்ரை இருவரும் ஆப்பிள் கொடுத்து இதைத் துருவிப் பார்த்தார்கள். அந்த உயர்வுக்குக் காரணம் ஆப்பிளின் பாலிஃபீனால் இல்லை. பழத்தின் சர்க்கரையான ஃபிரக்டோஸைக் கல்லீரல் கையாளும்போது யூரிக் அமிலம் கூடுகிறது. யூரிக் அமிலமும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட். மூட்டில் படிந்து கௌட் நோயைத் தரும் அதே யூரிக் அமிலம்! ஆன்டிஆக்ஸிடன்ட் எண் கூடினால் நன்மை கூடும் என்ற கணக்கு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. செல் வளர்ப்புச் சோதனைகளிலும் இதேபோல் ஒரு பொறி இருக்கிறது. பாலிஃபீனால்கள் வளர்ப்பு ஊடகத்திலேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேரி ஹாலிவெல் குழுவினர் காட்டினார்கள். புற்றுச் செல்லைத் திராட்சைச் சாறு கொன்றது என்ற செய்தியைப் படிக்கும்போது, கொன்றது சாறா பெராக்சைடா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நேரடியாக மனிதர்களைப் பார்த்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இத்தாலியில் ஒயினுக்குப் பேர்போன கியாந்தி வட்டாரத்தில் 65 வயதைக் கடந்த 783 பேரின் சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் கழிவுகளை அளந்து, 9 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அளவு அதிகமாக இருந்தவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் இறப்பிலோ இதய நோயிலோ புற்றுநோயிலோ வேறுபாடு இல்லை என்பது 2014இல் வெளியான முடிவு. கோபன்ஹேகனில் முதிய ஆண்களுக்கு எட்டு வாரம் உடற்பயிற்சி கொடுத்து, ஒரு பிரிவுக்கு மட்டும் தினம் 250 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் தந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பயிற்சியின் பலன் குறைந்தே கிடைத்தது. விந்தையாகத் தோன்றினாலும் காரணம் ஊகிக்கக்கூடியது. ரேடிக்கல்கள் வெறும் குப்பை இல்லை. வெள்ளை அணுக்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றைப் பயன்படுத்துகின்றன. உழைக்கும் தசை தன்னை வலுப்படுத்திக்கொள்ள அவற்றிலிருந்தே சமிக்ஞை பெறுகிறது. அவற்றை முற்றாகத் துடைப்பது நன்மை என்ற எண்ணத்துக்கு முதல் பலத்த அடி திராட்சைக்கு வெளியே விழுந்தது: பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. அது 1994இல். அதன் பிறகும் அட்டைகள் மாறவில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. பழம் நிறையச் சாப்பிடுபவர்கள் ஆரோக்கியமாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. 2013இல் 1,87,382 பேரை ஆராய்ந்த அமெரிக்கக் கணக்கில், முழுத் திராட்சை, ஆப்பிள், ப்ளூபெர்ரி அதிகம் உண்டவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாக வந்தது. கொக்கோவில் இருக்கும் ஃபிளவனால்களும் திராட்சை விதையின் கேட்டசின்களும் ஒரே குடும்பம். அந்த கொக்கோ சத்தை 21,442 முதியவர்களிடம் சோதித்து 2022இல் வெளியிட்ட காஸ்மோஸ் ஆய்வில், மொத்த இதய நோய் நிகழ்வுகள் குறிப்பிடும்படி குறையாவிட்டாலும், இதய நோயால் நேர்ந்த சாவுகள் குறைந்திருந்தன. திராட்சை விதைச் சத்து ரத்த அழுத்தத்தைச் சிறிதளவு இறக்கியதாகவும் சில சோதனைகள் உண்டு. இவற்றை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் முதல் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: பழத்தைச் சாறாகக் குடித்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வாய்ப்பு கூடியது. ஆன்டிஆக்ஸிடன்ட்தான் காரணமென்றால் சாறும் காப்பாற்றியிருக்க வேண்டுமே. நார்ச்சத்து, மென்று சாப்பிடும் வேகம், பழத்தால் தட்டிலிருந்து இடம்பெயரும் பண்டங்கள் என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. ஃபிளவனால்கள் உதவினால்கூட, ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வழியாகவோ குடல் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து உண்டாக்கும் பொருள்கள் வழியாகவோ உதவக்கூடும் என்பதே இன்று ஆய்வாளர்கள் தேடிப் போகும் பாதை. அப்படியானால் டிபிபிஹெச் எண் எதையும் முன்கூட்டிச் சொல்லாது. அமெரிக்க வேளாண் துறை ஓராக் என்ற பெயரில் உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டியலை இணையத்தில் வைத்திருந்தது. அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு காட்ட முடியவில்லை, வியாபாரிகள் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லி 2012இல் அதை எடுத்துவிட்டது.

அப்படியென்றால் இந்தக் குணம் வீணா? உடலுக்கு வெளியே அது நேர்மையாகவே உழைக்கிறது. ஒயின் பல ஆண்டுகள் கெடாமல் முதிர்வதில் தோலும் விதையும் தந்த டானின்களுக்குப் பங்குண்டு. கருந்திராட்சைத் தோலின் ஆந்தோசயனின் இ163 என்ற எண்ணில் உணவு நிறமாகப் புழங்குகிறது. இறைச்சி உணவுகளின் கொழுப்பு காறிப்போவதைத் திராட்சை விதைச் சத்து தள்ளிப்போடுகிறது. குளிரூட்டிய இறைச்சிப் பொட்டலத்துக்கு ஈரல் கிடையாது. அங்கே போட்ட பாலிஃபீனால் போட்டபடியே இருக்கும். கவாத்து செய்து வெட்டிப்போடும் கொடித் தண்டுகளில் ரெஸ்வெரட்ராலும் வினிஃபெரினும் மிகுதி. அவற்றைப் பிரித்தெடுத்து அடிச்சாம்பல் நோய்க்கு எதிராகத் திராட்சைக்கே தெளிக்க முடியுமா என்று பிரான்ஸில் ஆராய்ச்சி நடக்கிறது. அதே நோய்க்காக 1885 வாக்கில் போர்தோ நகரத்தில் மியார்தே உருவாக்கிய செம்புக் கலவைதான் நம் விவசாயிகளும் அறிந்த போர்டோ கலவை. மண்ணில் செம்பு சேர்ந்துகொண்டே போவதால் ஐரோப்பா இப்போது அதன் அளவைக் கட்டுப்படுத்துகிறது. கொடியின் சொந்த ஆயுதத்தைக் கொடிக்கே திருப்பித் தரும் இந்த முயற்சி, கேப்ஸ்யூல் வியாபாரத்தைவிட அறிவுள்ளதாக எனக்குப் படுகிறது.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. விதையுள்ள, கருநீலத் தோல் கொண்ட, அநேகமாக ஆண்டு முழுவதும் கிடைக்கும் ரகம். கழுவித் தோலோடு சாப்பிடுங்கள். விதையை மென்றாலும் துப்பினாலும் உங்கள் விருப்பம். பழத்தில் சர்க்கரை நிறைய இருப்பதால் சர்க்கரை நோயாளிகள் ஒரு கையளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சாறாகப் பிழிந்து நாரை எறிவது வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள், திராட்சை விதைச் சத்தோ ரெஸ்வெரட்ராலோ வாங்கும் முன் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும், ஏனெனில் ரத்தக் கசிவு வாய்ப்பை அவை கூட்டக்கூடும். மற்றவர்கள் அந்த மாத்திரைப் பணத்துக்குப் பழமே வாங்கலாம்.